முன்னால் போன காகிதம்

"மொதலாளி, லோடு பேப்பரக் குடுத்துருங்க. வண்டிய எடுத்துருறேன்," என்றான் அன்பரசன்.

லட்சுமிகாந்தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். விஸ்வநத்தத்தில் குடோனும் லாரி ஆபீஸும் வைத்திருக்கும் மனிதர். வாய் சிரிக்கும்போது கண் கூடச் சேர்ந்து சிரிக்காது.

"ஏலே அன்பு, புதுப் பொண்டாட்டி மாதிரி தினமும் ஒண்ணக் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறியே. காகிதம் சபரிகிட்ட இருக்கு. அவன் பைக்குல முன்னால போவான். நீ பின்னால போ."

"முன்னால போற காகிதம் எனக்கு எதுக்கு மொதலாளி? அது என் வண்டிக்குள்ள இருக்கணும். உக்காந்த இடத்துலேர்ந்து கைய நீட்டுனா எட்டணும். நான் கீழ எறங்குனா சீட்டு மேலயோ கதவுப் பையிலயோ வச்சிட்டு எறங்கணும். லைசென்சுக்கு மூணு நாள் கிளாஸ் போனப்ப இதத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாக."

"கிளாஸ் எடுத்தவன் வந்து லோடு இறக்குவானா?"

பக்கத்தில் நின்ற சபரிநாதன் அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தான். முதலாளியின் தங்கை மகன். இருபத்தேழு வயது, புது பைக், முதுகில் கறுப்புப் பை. அந்தப் பைக்குள்தான் அன்பரசன் கேட்ட காகிதம் இருந்தது. இரண்டு முழ தூரம்கூட இல்லை.

லட்சுமிகாந்தத்தின் ஆபீஸில் இது ஒரு ஏற்பாடு. வெடி லோடு கிளம்பினால் அதன் காகிதங்கள் லாரியில் ஏறுவதில்லை. சபரிநாதன் அவற்றைச் சுமந்துகொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால் போவான். வழியில் பெரிய அதிகாரிகள் யாராவது வண்டிகளை மறித்தால் முதலில் அவன் போய் நிற்பான், காட்டுவான், குழைவான். லாரி நிற்காமல் தாண்டிவிடும். சின்னச் சோதனைக்கு என்று டிரைவர் கையில் வேறு ஒரு பில்: 'காலண்டர் அட்டை, 210 கட்டு.' சிவகாசியிலிருந்து காலண்டர் போவதை எவன் சந்தேகப்படப் போகிறான்?

இந்த ஏற்பாட்டுக்கு லட்சுமிகாந்தம் வைத்திருந்த பெயர் பாதுகாப்பு. டிரைவர் கையில் கொடுத்தால் காகிதம் டீக்கறை படியும், நனையும், தொலையும் என்பார்.

"சரி, காகிதம் வேண்டாம். உள்ள என்ன ஏத்தியிருக்கு? அதையாவது வாயால சொல்லுங்க."

"வெடிதாம்லே. பின்ன வெல்லமா?"

டிரைவர் வருவதற்கு முன்பே லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி முடித்திருப்பார்கள். இதுவும் ஏற்பாட்டில் சேர்த்தி. அன்பரசன் சாவியை மேசையில் எறிந்துவிட்டு நடந்திருக்கலாம். எறியவில்லை. தீபாவளிக்கு நாற்பது நாள் இருந்தது. சீசனில் வண்டியை விட்டு இறங்கிய டிரைவர் என்று பெயர் வாங்கினால் அப்புறம் ஒரு லாரி ஆபீஸும் கூப்பிடாது. காலண்டர் பில்லை வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான். வந்த வேகத்தில் கேபின் கதவை அவன் சாத்திய சத்தத்துக்குக் குடோன் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

* * *

"மாப்ளே, அந்த ஸ்டியரிங் என்ன பாவம் பண்ணுச்சு? இந்த நெரி நெரிக்கிறே?"

முத்துக்கருப்பன் கிளீனர். வயது ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு வருடம் அன்பரசனோடு ஓடுகிறார். காடு கரை வேலை கிடைக்காமல் போனபோது லாரியில் ஏறியவர். அவர் மனைவி முருகம்மாள் லட்சுமிகாந்தத்தின் குடோனிலேயே லோடு தூக்குகிறாள்.

"எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இதையாவது நெரிக்கிறேன் மாமா. வேற யார் கழுத்தையும் நெரிக்க முடியலல்ல."

"காகிதம் வச்சிருந்தா மட்டும் என்ன, வண்டி தன்னால ஓடவா போகுது?"

"வண்டி ஓடுறப்ப வேண்டாம். நிக்கிறப்பத்தான் வேணும்."

முத்துக்கருப்பனுக்கு அது புரியவில்லை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

திருத்தங்கலைத் தாண்டும்போது மணி பதினொன்று ஐம்பது. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. ஆனைக்குட்டம் விலக்கு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பைக்கில் வந்த ஒருவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தார்.

"அண்ணே! பின்னால பொகையுதுண்ணே!"

அன்பரசன் கண்ணாடியைப் பார்த்தான். இடது பின்சக்கரத்திலிருந்து கறுப்பாக ஒரு புகை எழும்பி, தார்ப்பாயைத் தடவிக்கொண்டு வந்தது. பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. சக்கரம் எவ்வளவு தூரமாக இப்படிக் காய்ந்துகொண்டு வருகிறதோ.

ரோட்டு ஓரம் ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். இருக்கைக்குப் பின்னால் இருந்த தீயணைப்பு சிலிண்டரை உருவிக்கொண்டு குதித்தான். ரப்பர் கருகும் நாற்றம் மூக்கில் அறைந்தது. சக்கரத்துக்கு நேராகப் பிடித்து அழுத்தினான். சிலிண்டர் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை காற்றுதான் வந்தது. எப்போது நிரப்பியது என்று ஒட்டியிருந்த சீட்டு வெயிலில் வெளுத்து வெறும் வெள்ளையாக இருந்தது.

"நாசமாப் போக!" சிலிண்டரை முள்ளுக்குள் வீசி எறிந்தான். டயரின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது.

தீயணைப்புக்கு போன் போட்டான். அடுத்து சபரிநாதனுக்கு.

"சின்னவரே, பின் டயர்ல தீ. ஆனைக்குட்டம் விலக்குல நிக்கிறேன். காகிதத்தோட உடனே வாங்க."

"அய்யய்யோ! நான் ஆமத்தூர்ல நிக்கிறேன். பத்தே நிமிசம். வந்துட்டே இருக்கேன்."

பின்னால் வந்த டவுன் பஸ் லாரிக்குப் பத்தடியில் நின்றிருந்தது. அன்பரசன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினான்.

"பின்னால எடுங்கய்யா! பின்னால எடுங்க!"

"என்னய்யா லோடு?" டிரைவர் தலையை நீட்டினார்.

"வெடி!"

அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பஸ் அலறிக்கொண்டு பின்னால் போனது. எதிரில் இருந்த டீக்கடையின் கடைக்காரம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, கல்லாப் பெட்டியைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஓடிக்கொண்டே, "கொள்ளையில போறவனே, நிப்பாட்ட வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?" என்று கத்தினாள். அந்த வசவு தனக்குரியதுதான் என்று அன்பரசனுக்குத் தோன்றியது.

* * *

சிவப்பு வண்டி கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து முதலில் குதித்தவர் நிலைய அலுவலர் கதிரவன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் பழைய தீக்காயம் ஒன்று காலருக்கு மேலே ஏறி நின்றது. அவருடைய ஆட்கள் நாலு பேர் தண்ணீர் ஓஸை இழுத்துக்கொண்டு லாரியை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"டிரைவர் யாரு? நீயா? என்ன லோடு?"

"வெடி சார்."

"வெடி மட்டுமா? கெமிக்கல் எதுவும் சேத்து ஏத்தியிருக்கா? எத்தனை பெட்டி? ட்ரெம் கார்டு எங்க?"

ட்ரெம் கார்டு என்பது டிரைவர் கேபினில் இருந்தே ஆக வேண்டிய சீட்டு. வண்டியில் இருப்பது என்ன சரக்கு, தீப்பிடித்தால் எதை வைத்து அணைப்பது, எதைக் கிட்டே கொண்டுவரக் கூடாது, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாம் அதில் இருக்கும். டிரைவர் மயங்கிக் கிடந்தாலும் அந்தச் சீட்டு பேசும்.

"எங்கிட்ட இல்ல சார்."

"பின்ன எங்க இருக்கு?"

"பைக்குல போகுது சார்."

கதிரவன் ஒரு நொடி அவனையே பார்த்தார். "பைக்குலயா? ஏன்யா, லோடும் பைக்குலயா போகுது?"

அன்பரசனுக்கு முகம் எரிந்தது.

"சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்கிறது என்ன?" என்று அவரே அந்தக் காலண்டர் பில்லை உருவிப் படித்தார். படித்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் ஓஸ் பிடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நில்லுங்கடா அங்கயே! யாரும் தண்ணியத் திறக்கக் கூடாது!" பிறகு அன்பரசன் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது சத்தத்தைவிட மோசமாக இருந்தது. "கேளுய்யா. வெறும் வெடிப் பெட்டின்னா நான் இப்பவே தண்ணியடிச்சு ஊற வச்சிருவேன். வேற சரக்கு இருந்து, அது தண்ணி ஆகாத சரக்கா இருந்துச்சுன்னா, நானே என் பயலுகளைக் கொன்ன மாதிரி. அந்த நாலு பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போறது நீ சொல்லப் போற பதில்ல இருக்கு. உன் வண்டிக்குள்ள என்ன இருக்கு?"

"எனக்குத் தெரியாது சார்!"

அன்பரசனே அந்த வார்த்தையைக் கேட்டு அதிர்ந்தான். பதினெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்தவன், தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நாலு பேர் உயிருக்கு முன்னால் நிற்கிறான்.

சபரிநாதனுக்கு மறுபடி அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. பத்து நிமிடம் என்று சொல்லி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

முதலாளிக்கு அடித்து, கதிரவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"சொல்லுலே," என்றார் லட்சுமிகாந்தம். தீப்பற்றிய செய்தி அதற்குள் அவருக்குப் போயிருந்தது, குரலிலேயே தெரிந்தது. "நீ ஏன் இன்னும் அங்கன நிக்கிறே? வண்டிய விட்டுட்டுத் தள்ளிப் போ. எவன் கேட்டாலும் காலண்டருன்னு சொல்லு."

"சின்னவரு எங்க? காகிதம் எங்க?"

"காகிதம் வராது."

"ஏன் வராது?"

"மடப்பயலே, அது வேற வண்டிக்கு வாங்குன காகிதம்லே. வெடி ஏத்துற பெர்மிட் இருக்கிற நம்ம வேன் கியர்பாக்ஸக் கழட்டிப் போட்டு மூணு வாரமா ஒர்க்ஷாப்புல கெடக்கு. அந்தக் காகிதத்துல இருக்கிறது அதோட நம்பரு. அதக் கொண்டாந்து நீட்டுனா மொத்தப் பேரும் உள்ள போக வேண்டியதுதான்."

ஓகோ! காகிதம் முன்னால் போன மர்மம் இதுதானா? டீக்கறையும் மழையும் அல்ல. லாரியும் காகிதமும் ஒரே இடத்தில் நின்றால் பொய் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டையும் ஒருபோதும் சேரவிடவில்லை.

"நம்பர் கெடக்கட்டும் மொதலாளி. உள்ள வெடியத் தவிர வேற என்ன இருக்கு? அத மட்டும் சொல்லுங்க. நாலு பேரு ஓஸப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக!"

மறுமுனை மௌனம்.

"மொதலாளி! ஒரே ஒரு வார்த்த!"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்பரசன் கையை ஓங்கி லாரியின் கேபின் கதவில் குத்தினான். விரல் முட்டியில் தோல் கிழிந்தது. வலிக்கவே இல்லை.

* * *

"மாமா, அத்தைக்குப் போன் போடுங்க! லோடு ஏத்துனது அவுகதான?"

"போட்டுட்டேன் மாப்ளே. எடுக்க மாட்டா. குடோன் வாசல்லயே போன வாங்கி டப்பாவுக்குள்ள போட்டுருவாகல்ல." முத்துக்கருப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். விழுங்கினார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"மாமா, இப்ப ஒளிக்கிற நேரமா? தெரிஞ்சா சொல்லுங்க!"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு போர்மேன் பொம்பளைககிட்டச் சத்தியம் வாங்கிருக்கான் மாப்ளே. சொன்னா அவ வேலை..."

"மாமா!"

அந்த அதட்டலில் முத்துக்கருப்பன் இரண்டடி பின்னால் போனார். பிறகு மடமடவென்று கொட்டினார்.

"நேத்து சாயங்காலம் ஏதோ டிரம்மு ஏத்துனாகளாம். வீட்டுக்கு வந்தா, புருவம், நகக்கண்ணு, மூக்குத்தி, எல்லாம் ஒரே வெள்ளி. என்னடி, உற்சவருக்குக் காப்பு சாத்துன மாதிரி மினுக்கிக்கிட்டு வர்றேன்னு நான்கூடக் கிண்டலடிச்சேன். ஒரு டிரம்முக்கு மூடி சரியா உக்காரலையாம். மூணு தடவ சோப்புப் போட்டா. காலையில வரைக்கும் காது மடல்ல மினுங்கிட்டுத்தான் இருந்துச்சு."

கதிரவனின் முகம் மாறியது.

"வெள்ளிப் பொடி. கையில ஒட்டுனா போகாது. அலுமினியப் பவுடர்யா அது!" திரும்பி ஓடினார். "ஓஸைக் கீழ போடுங்கடா! எல்லாரும் பின்னால வாங்க! ஒரு சொட்டுத் தண்ணி அந்த வண்டி மேல படக் கூடாது!"

நாலு பேரும் ஓஸைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். அதில் ஒருவர், மீசைகூட நரைத்த மனிதர், ரோட்டு ஓரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். தான் எதைத் திறக்க இருந்தோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எரிகிற அலுமினியப் பொடியில் தண்ணீர் பட்டால் அணையாது. வாயு கிளம்பி வெடிக்கும்.

"டிரம் எங்க வச்சிருக்கு?" கதிரவன் கேட்டார்.

"நேத்து ஏத்துனதுன்னா உள்ள, கேபின ஒட்டி இருக்கும் சார்," என்றான் அன்பரசன். இதை மட்டும் அவனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. "வெடிப் பெட்டி எப்பவும் கிளம்புற அன்னிக்குக் காலையிலதான் ஏத்துவாக. அது பின்னால. தீ இப்ப பின்னாலதான் இருக்கு."

"அப்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. காய்ஞ்ச மண்ணு வேணும். கூடை கூடையா இல்ல, வண்டி வண்டியா."

அன்பரசன் ரோட்டைப் பார்த்தான். லாரியைத் தாண்டி இருநூறு அடி முன்னால், தப்பித்துப் போய் நின்றிருந்த வண்டிகளுக்குப் பின்னால் கடைசியாக ஒரு டிப்பர் இருந்தது. அதன் மேலிருந்து தூசி பறந்துகொண்டிருந்தது. ஓடினான்.

"அண்ணே, என்ன லோடு?"

"கிரஷர் கல்லுப் பொடி," என்றான் டிப்பர் டிரைவர். காமராஜ் என்று கதவில் பெயர் எழுதியிருந்தது.

"காஞ்சதா, நனைச்சதா?"

"பறக்குறது தெரியல? இதுக்குத்தான் பின்னால வர்றவன்லாம் எங்க ஆத்தாள இழுத்து வய்யிறான்."

"அந்தச் சக்கரத்து மேல கொட்டணும். பின்னால எடுங்கண்ணே."

காமராஜ் லாரியைப் பார்த்தான். புகையைப் பார்த்தான். அன்பரசனைப் பார்த்தான். கீழே இறங்கிச் சாவியை நீட்டினான். "எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. நீ ஓட்டு. வண்டி போனா போகட்டும்."

கதிரவன் குறுக்கே வந்தார். "நீ போகக் கூடாது. என் ஆள் ஒருத்தன் எடுப்பான்."

"உங்க ஆளுக இன்னிக்கு ஒரு தடவ சாகப் பாத்தது போதும் சார். எரியிறது என் வண்டி, நான் எடுக்கிறேன்."

சொல்லிவிட்டு ஏறிவிட்டான். பின்னால் எடுக்க ஆரம்பித்தான். லாரிக்கும் முள்செடிக்கும் நடுவில் டிப்பர் நுழைந்தால் ஒரு முழம் இடைவெளிதான் மிச்சம். முதலில் லாரியின் கேபினைத் தாண்ட வேண்டும். அடுத்தது அந்த டிரம்கள் இருக்கும் பக்கம். ஒரு பலகை, ஒரு தார்ப்பாய், அதற்கு அந்தப் புறம் வெள்ளி. உரசினால் பொறி பறக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக எடுத்தான். பயம் வரவேண்டிய இடத்திலெல்லாம் லட்சுமிகாந்தத்தின் மௌனம் ஞாபகத்துக்கு வந்தது.

டப்! டப், டப்! பின்மூலையில் ஒரு பெட்டி பற்றிக்கொண்டது. சரம் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் பொரிந்தது.

"கொட்டு! கொட்டுய்யா!" கதிரவன் கத்தினார்.

அன்பரசன் நெம்புகோலை இழுத்தான். டிப்பரின் முதுகு முனகிக்கொண்டு எழுந்தது. சாம்பல் நிறப் பொடி அத்தனையும் சரிந்து சக்கரத்தை, அச்சை, பலகையின் கீழ்ப்பாதியை மூடியது. கண்ணை மறைக்கிற தூசி. அதற்குள் கதிரவனும் இரண்டு பேரும் உலர்பொடி சிலிண்டரோடு பாய்ந்து, பற்றிய மூலையை அமுக்கினார்கள். முத்துக்கருப்பன் யாரும் சொல்லாமலே கயிற்றை அறுத்து, எரிந்த பெட்டி இரண்டை மண்வெட்டியால் ரோட்டில் தள்ளி, பொடியை அள்ளி அள்ளி அதன் மேல் போட்டார்.

தூசி அடங்கியபோது புகை நின்றிருந்தது.

* * *

சூடு இறங்கக் காத்திருந்து, பின்பக்கத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். கேபினை ஒட்டி டிரம்கள் தெரிந்தன. ஒன்பது. ஒன்றின் மூடி சாய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பலகை முழுக்க வெள்ளியாக மின்னியது. கதிரவன் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

மணி ஒன்று பத்து. ஒரு பைக் சத்தம். சபரிநாதன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே அன்பரசனின் தோளைத் தொட்டு, டீக்கடைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"நல்ல வேள, ஒண்ணும் ஆகல. இந்தா, பிடி. யாரும் பாக்குறதுக்குள்ள டேஷ்போர்டுல வச்சிரு. முதல்லேருந்து அங்கனதான் இருந்துச்சு, பொகையில எடுக்க முடியலன்னு சொல்லிரு."

அன்பரசன் உறையைப் பிரித்தான். காகிதங்கள் மொறுமொறுவென்று இருந்தன. வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய லாரியின் எண். மை விரலில் லேசாக ஒட்டியது.

"இது எப்ப அடிச்சது?"

"அது எதுக்கு உனக்கு? மாமா நம்பர மாத்தி வேற அடிச்சுக் குடுத்துட்டாரு."

"ஆபீசுக்கா போயிட்டு வர்றே? எங்களத் தாண்டித்தான போகணும்?"

"ஊருக்குள்ள போற வழியாச் சுத்திப் போனேன்."

"அங்கருந்து பாத்தா பொக தெரிஞ்சிருக்குமே."

சபரிநாதன் பேனாவை நீட்டினான். "அடியில ஒரு கையெழுத்து மட்டும் போடு. காலையில கிளம்புறப்ப வாங்கிக்கிட்டதா."

அன்பரசன் மேல்தாளைப் படித்தான். அலுமினியப் பவுடர், ஒன்பது டிரம். கீழே கட்டம் கட்டி, பெரிய எழுத்தில்: தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலால் மூடவும்.

அவன் கேட்டது இந்த இரண்டு வரி. பதினோரு மணிக்கு இது சபரிநாதனின் முதுகில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு லட்சுமிகாந்தத்தின் நாக்கில் இருந்தது. நாலு பேர் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் இவர்கள் உட்கார்ந்து இதை அழகாக அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சபரிநாதனின் சட்டைக் காலர் அன்பரசனின் கைக்குள் இருந்தது. எப்போது பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

"தண்ணி ஊத்தாதீகன்னு போன்ல சொல்ல எம்புட்டு நேரம்லே ஆகும்? ரெண்டு வார்த்த! எம்புட்டு நேரம்?"

"விடுலே... மாமாதான் போன ஆப் பண்ணச் சொன்னாரு..."

"அங்கன கல்லுல உக்காந்திருக்காரு பாரு, நரைச்ச மீசை. அவரு முன்னால போய் இதச் சொல்லு. வாலே!"

"நீயும்தாம்லே மாட்டுவே!" சபரிநாதன் மூச்சுத் திணறக் கத்தினான். "காலண்டர் பில்ல வாங்கிக்கிட்டு வண்டிய எடுத்தது யாரு? நானா? லைசென்சு போகும், கேசு வரும். இதுல கையெழுத்துப் போட்டா ரெண்டு பேரும் தப்பிச்சோம். யோசி!"

அன்பரசன் காலரை விட்டான். அதில் பொய் இல்லை. கேட்டான், கொடுக்கவில்லை, ஆனாலும் எடுத்தான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கதவை ஓங்கிச் சாத்துவதோடு அவன் கோபம் முடிந்துவிடும், வண்டி கிளம்பிவிடும். இத்தனை வருடத்தில் லட்சுமிகாந்தம் அவனுடைய கோபத்துக்கு ஏன் பயப்படவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

பேனாவை வாங்கினான். காகிதத்தைப் பைக்கின் இருக்கையில் விரித்துக் குனிந்தான். சபரிநாதனின் முகத்தில் உயிர் வந்தது.

அன்பரசன் நிதானமாக எழுதினான். எழுத எழுத சபரிநாதன் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் பிடுங்கப் பாய்ந்தான். அன்பரசன் தோளால் ஒரு இடி இடித்து அவனை முள்வேலியோரம் தள்ளிவிட்டு, காகிதத்தோடு ரோட்டுக்கு வந்தான். கதிரவன் பக்கத்தில் இப்போது ஒரு போலீஸ் ஜீப்பும் நின்றது.

"சார், நீங்க கேட்டது வந்துருச்சு."

கதிரவன் வாங்கினார். முதல் தாளைப் பார்த்தார், கட்டத்துக்குள் இருந்த வரிகளைப் பார்த்தார், தாடை இறுகியது. அடியில் இருந்த கையெழுத்துக்கு வந்தபோது நின்றார். ஜீப்பில் வந்த எஸ்.ஐ.க்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்:

"இந்தக் காகிதம் வண்டியில் இல்லை. தீ அணைந்த பிறகு மதியம் 1.10-க்கு பைக்கில் வந்தது. இல்லாமல் வண்டி எடுத்தது நான். அன்பரசன்."

"யோசிச்சுத்தான் எழுதுனியா?" என்றார் கதிரவன். "இது உன்னையும் சேத்து இழுக்கும்."

"இழுக்கட்டும் சார். இழுக்கிறப்ப அவுகளையும் சேத்து இழுங்க, விட்டுறாதீக." டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினான். பைக்கைக் கிளப்பப் போன சபரிநாதனின் முன்னால் மண்வெட்டியோடு முத்துக்கருப்பன் நின்றுகொண்டிருந்தார்.

"எங்கன போறீக சின்னவரே? இன்னிக்கு ஒரு நாளு, எங்களுக்குப் பின்னால வாங்க," என்றார் அவர்.